செருப்பைக் கழற்றாத ஜவுளிக்கடை

எங்கள் ஊருக்கும் மால் வந்துவிட்டது. பைபாஸ் ரோட்டில், சில வருஷங்களுக்கு முன்பு வரை பருத்தியும் உளுந்தும் போட்டிருந்த கரிசல் காட்டில், கண்ணாடி மாட்டி மாடி மேல் மாடியாக நிறுத்தியிருக்கிறார்கள். வெளியூரிலிருந்து யாராவது வந்து "கோவில்பட்டியில பாக்க என்ன இருக்கு?" என்று கேட்டால் முன்பெல்லாம் கொஞ்சம் யோசிப்போம். இப்போது யோசிப்பதில்லை. மாலுக்குக் கூட்டிக்கொண்டு போய், எஸ்கலேட்டரில் ஏற்றி இறக்கி, வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறோம். செலவும் கிடையாது.

புதிதாக வருகிறவர்களுக்குச் சில விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். வண்டி நிறுத்துகிற இடத்தில் பதித்த கல்லெல்லாம் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். கட்டியவரைக் குறை சொல்ல முடியாது, கரிசல் மண்ணின் குணம் அது. வெயிலில் வாய் பிளக்கும், மழையில் உப்பும். தன் மேல் மாட்டுத் தொழுவம் நிற்கிறதா, மால் நிற்கிறதா என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. வாசலில் நீலச் சட்டைக்காரர் ஒருவர் நம் பையைத் திறந்து பார்ப்பார். வெடிகுண்டு தேடுகிறார் என்று நினைக்க வேண்டாம். அவர் தேடுவது முறுக்கும் தண்ணீர் பாட்டிலும். மேல்மாடியில் ஒரு தோசை விற்கிற விலைக்கு ஊருக்குள் ஒரு குடும்பமே வயிறாரச் சாப்பிட்டுவிடலாம் என்பதால், ஒரு பொட்டலம் முறுக்கு உள்ளே போனாலும் அவர்கள் தொழிலுக்கு ஆபத்துதான். ஆகவே புளியோதரை கட்டிக்கொண்டு போய் வேனிலேயே சாப்பிட்டுவிடுவது நல்லது. நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

அடுத்தது இலவசம். மூன்று நைட்டி எடுத்தால் இரண்டு இலவசம் என்று போட்டிருப்பார்கள். ஐந்தும் ஒரே நிறத்தில், ஒரே பூப்போட்டு இருக்கும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மாமியார், மருமகள், நாத்தனார் மூவரும் அந்த நைட்டியில்தான் திரிகிறார்கள். பால்காரர் முதுகைப் பார்த்து யாரையும் கூப்பிடுவதை விட்டுவிட்டார். பில் போடுகிற இடத்தில் கைக்குட்டை வாங்கினாலும் போன் நம்பர் கேட்பார்கள். பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவ்வளவு சீக்கிரம் கேட்கமாட்டார்கள்.

இதெல்லாம் சில்லறை விஷயம். பெரிய விஷயம், அங்கே பேரம் கிடையாது. இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது.

நான் ஒரு நூல் மில் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். ஆனால் சொந்தக்காரர்கள் மத்தியில் என் உத்தியோகம் பேரம்தான். கல்யாண ஜவுளி, சீர்ப் பாத்திரம், சீலிங் ஃபேன் என்று யார் எதை வாங்கக் கிளம்பினாலும் எனக்குப் போன் வந்துவிடும். நான் பஜார் முனையில் திரும்பும்போதே சில கடைக்காரர்கள் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள் என்று என் தம்பி கேலி செய்வான். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

எங்கள் பக்கத்துப் பேரத்துக்கு ஒரு முறை இருக்கிறது. பிடித்த பொருளை முதலில் பார்க்கவே கூடாது. பிடிக்காததை எல்லாம் விரிக்கச் சொல்லி, ஆகா ஓகோ என்று புகழ வேண்டும். பிடித்ததைக் கடைசியில், போகிற போக்கில் இரண்டு விரலால் தூக்கி, "இது என்ன அண்ணாச்சி, கொசுவலை மாதிரி இருக்கு" என்று கேட்க வேண்டும். எச்சில் தொட்டுக் கரையைத் தேய்த்து, விரலைப் பார்த்து முகத்தைச் சுளிக்க வேண்டும். வெளிச்சத்தில் பார்க்கணும் என்று வாசல் வரைக்கும் கொண்டுபோய்ப் பெருமூச்சு விட வேண்டும். எவ்வளவுக்குப் பிடித்திருக்கிறதோ அவ்வளவுக்குத் திட்ட வேண்டும். அண்ணாச்சிக்கும் இது தெரியும். நாம் திட்டத் திட்ட, இந்தம்மா மனசு விழுந்துவிட்டது என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டே, "அசலே தேறலக்கா, ஒங்க முகத்துக்காகக் குடுக்கேன்" என்று கண்ணைக் கசக்குவார். இரண்டு பேரும் பொய்தான் சொல்லுகிறோம் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருப்பதால் அந்த வியாபாரத்தில் ஒரு நேர்மை இருந்தது.

கடைசி ஆயுதம் செருப்பு. பஜார் ஜவுளிக்கடையில் செருப்பை வாசலில் விட்டுவிட்டு மெத்தையில் உட்காருவோம். விலை படியாவிட்டால் எழுந்து வந்து செருப்பை மாட்ட வேண்டும். மெதுவாக மாட்ட வேண்டும். ஒன்றை மாட்டி, வாரை இழுத்துவிட்டு, தூசி தட்டி, மற்றதைத் தேடுவதற்குள் உள்ளேயிருந்து "யக்கா, இங்கன வாங்க, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க" என்று குரல் வந்துவிடும். அந்தக் குரல் வராமல் நான் இரண்டாவது செருப்பை மாட்டியதே கிடையாது.

என் தம்பிக்கு இடைசெவல் பக்கம் விவசாயம். மூன்றும் பெண்கள். கடைசிப் பெண்ணுக்கு எட்டயபுரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. முகூர்த்தப் பட்டு மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது வழக்கம். பெண்ணையும் கூட்டிப்போய், "புடிச்சிருக்காம்மா?" என்று கேட்பதும் வழக்கம். பெண் தலையைக் குனிந்துகொண்டு "ஒங்க இஷ்டம்" என்று சொல்வதும் வழக்கம். அந்த இடத்தில் கலர், கரை என்று வாயைத் திறந்தால் வாய்க்காரி என்று பெயர் வாங்கிக்கொண்டுதான் புகுந்த வீட்டுக்குள் நுழைய வேண்டும். பதில் இன்னதென்று தெரிந்தே கேட்கிற கேள்வி அது.

ஜவுளி எடுக்கப் போவதற்குச் சில நாள் முன்பு அந்தப் பெண் பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தாள். காபியைக் குடிக்காமல் ஆற வைத்துக்கொண்டே இருந்தாள்.

"அத்தை, முகூர்த்தத்துக்கு எல்லாரும் அரக்குக் கலர்லதான் நிக்காவ. அக்கா ரெண்டு பேரும் அப்படித்தான் நின்னாவ. எனக்குக் கத்தரிப்பூக் கலர் வேணும்."

"ஒங்க அம்மாட்ட சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னேன். வாயை மூடிக்கிட்டு நில்லுன்னுட்டாவ." டம்ளரைக் கீழே வைத்தாள். "தீவாளிக்குத் தீவாளி நீங்க ஒரே பீஸ்ல துணி எடுத்துட்டு வருவீங்க. அக்காமாருக்குத் தச்சது போக மிச்சத்துலதான் எனக்குப் பாவாடை. நான் இன்ன கலர்னு கேட்டு உடுத்துனதே இல்ல அத்தை. இது ஒண்ணாவது நான் கேட்டதா இருக்கட்டும். நீங்க நெனச்சா நடக்கும்."

அந்த ஒரே பீஸ் துணியை எவ்வளவு மலிவாக வாங்கினேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள் நான். "இவ்வளவுதானட்டி? நான் வாங்கித் தாரேன். நீ காபியைக் குடி" என்றேன்.

கல்யாணம் ஆவணியில். தள்ளுபடி ஆடியில். ஆடியில் முகூர்த்தப் பட்டு எடுக்கலாமா என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கூடிப் பேசினார்கள். ஆடி மாதம் ஆகாது, ஆனால் ஆடிப்பெருக்கு அன்று எடுத்தால் குற்றமில்லை என்று முடிவானது. நல்ல நாளும் தள்ளுபடியும் ஒன்றாக வந்ததைக் கடவுள் செயல் என்றார் மாப்பிள்ளையின் அம்மா. கரிசல் சீமை மொத்தமும் அன்றைக்கு அதையே கடவுள் செயல் என்று நினைத்திருந்தது என்பது மாலில் போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

மாப்பிள்ளையின் அம்மா ஒடிசலான, அதிகம் பேசாத பெண்மணி. கரும்பச்சையில் மஞ்சள் கரை போட்ட பழைய சுங்குடிச் சேலை கட்டியிருந்தார். வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "மதினி, பேரத்துக்கு நீங்க இருக்கீங்க. எனக்குக் கவலையில்ல" என்றார். அந்த ஒரு பேச்சில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பின்சீட்டில் தன் அம்மாவோடு இருந்த கல்யாணப் பெண்ணைத் திரும்பிப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். அவளும் சிரித்தாள்.

பட்டுப் பகுதி இரண்டாவது மாடியில். நுழையும்போது பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றினேன். நீலச் சட்டைக்காரர் ஒருவர் ஓடிவந்து, "போட்டுக்கிட்டே வாங்க மேடம்" என்றார். செருப்பைக் கழற்றாத கடையில் கோபித்துக்கொண்டு எழுந்து போவதாக எப்படிக் காட்டுவது?

உள்ளே விற்பனைக்கு நிற்கிற பிள்ளைகள் எல்லாம் நம் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள்தான். காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறார்கள். அவர்கள் உட்காருவதற்கென்று ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். அதில் பட்டுச்சேலை கட்டிய பொம்மை ஒன்று உட்கார்ந்திருந்தது.

கத்தரிப்பூச் சேலையை முதலில் பார்த்தது கல்யாணப் பெண்தான். என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். கத்தரிப்பூ நிறம், இலைப்பச்சைக் கரை, கரை நெடுக நெல்மணி நெல்மணியாக ஜரிகை. அவள் நிறத்துக்கு அவ்வளவு பொருத்தம். எனக்கே அதன் மேல் ஆசை விழுந்துவிட்டது. ஆகவே முறைப்படி அதைப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன்.

அரக்குச் சேலைகளை விரிக்கச் சொன்னேன். ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் ஒன்றை, தேங்காய் அளவுக்குப் பெரிய மாங்காய் போட்டதை, "என்ன ஒரு களை, மகாலட்சுமி மாதிரில்லா இருக்கு" என்று புகழ்ந்து தள்ளினேன். பிறகு கத்தரிப்பூவை இரண்டு விரலால் தூக்கினேன்.

"இது என்னம்மா, வெயில்ல காயப்போட்டு எடுக்க மறந்த மாதிரி இருக்கு?"

மாப்பிள்ளையின் அம்மா குனிந்து பார்த்து, "ஜரிகையும் கருத்துல்லா கெடக்கு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இவருக்குக் கலர் பிடிக்கவில்லை போலிருக்கிறதே. சரி, விலையை நன்றாக இறக்கிக் காட்டினால் மனசும் இறங்கும் என்று இன்னும் வேகமாகத் திட்டினேன். சாயம் கையில் ஒட்டும் என்றேன். ஒரு தண்ணிக்குத் தாங்காது என்றார் அவர். துக்க வீட்டுக்குக்கூட இதைக் கட்ட முடியாது என்றேன். சும்மா குடுத்தாலும் யார் வாங்குவா என்றார் அவர். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணப் பெண்ணின் முகம் சின்னதாகிக்கொண்டே வந்தது.

விற்பனைப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டேக்ல போட்டிருக்கதுதான் மேடம் ரேட்டு. புடிக்கலைன்னா வச்சிரட்டுமா?" என்றாள். பதிலுக்குக் காத்திராமல் மடித்து அந்தப் பக்கம் வைத்துவிட்டாள். அவளிடம் கோபம் இல்லை, கெஞ்சல் இல்லை, கண்ணீர் இல்லை. இப்படி ஒரு ஆளிடம் என்ன பேரம் பேசுவது?

கடைசி ஆயுதத்தை எடுத்தேன். விருட்டென்று எழுந்தேன். மாட்டுவதற்குச் செருப்பு இல்லாததால், போட்டிருந்த செருப்பின் வாரைக் குனிந்து அவிழ்த்து மறுபடி மாட்டினேன். யாரும் கூப்பிடவில்லை. நாலு எட்டு நடந்தேன். கூப்பிடவில்லை. எஸ்கலேட்டர் பக்கம் போய்த் திரும்பிப் பார்ப்போம் என்று நின்றேன். ஆடிப்பெருக்குக் கூட்டம் பின்னாலிருந்து தள்ளியது. நான் நின்றபடியே கீழே போய்க்கொண்டிருந்தேன்.

கீழ்த்தளத்தில் ஏறுகிற எஸ்கலேட்டர் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, முதல் மாடியில் நைட்டிக் கூட்டத்தில் சிக்கி, இரண்டாவது மாடிக்கு நான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது மாப்பிள்ளையின் அம்மா மடியில் ஒரு சேலை இருந்தது. அரக்கு. மாங்காய்.

"வாங்க மதினி, எங்க போயிட்டீங்க? நீங்க மகாலட்சுமின்னீங்களே, அதையே எடுத்துட்டேன்" என்றார். பிறகு பெண்ணின் பக்கம் திரும்பி, "புடிச்சிருக்காம்மா?" என்று கேட்டார்.

அவள் அரக்குச் சேலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். வாங்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தவள், என் வாயாலேயே அதைக் கெடுத்துவிட்டு நின்றேன். இப்போது நான் என்ன சொன்னாலும் மாப்பிள்ளை வீட்டார் எடுத்ததைக் குறை சொன்னதாக ஆகும். "ஒங்க இஷ்டம்" என்ற பதிலுக்காக எல்லாரும் காத்திருந்தோம்.

"எனக்கு அந்தக் கத்தரிப்பூச் சேலைதான் புடிச்சிருக்கு" என்றாள்.

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அவள் அம்மா பின்னாலிருந்து இடுப்பில் கிள்ளியது எனக்குத் தெரிந்தது.

மாப்பிள்ளையின் அம்மா மடியிலிருந்த சேலையைக் கீழே வைத்தார். "எனக்கும் அதுதாம்மா புடிச்சிருந்துது. ஒங்க அத்தை அந்தத் திட்டு திட்டுனாவளே, ஒங்க வீட்டுக்கு ஆகாத கலரோன்னு நெனச்சேன்."

"நீங்களுந்தான மதினி ஜரிகை கருத்துப்போச்சுன்னு சொன்னீங்க?"

"வெலை குறையுமேன்னு சொன்னேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. எட்டயபுரம் பஜாரும் எங்கள் பஜாரும் ஒன்றுதான் என்பது அதுவரை எனக்கு உறைக்கவே இல்லை. ஒரே சேலையை ஆசைப்பட்டு, இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு அதைத் திட்டியிருக்கிறோம்.

சேலையை எடுக்கத் திரும்பினால் வைத்த இடத்தில் அது இல்லை. இரண்டு மேஜை தள்ளி, கண்ணாடி போட்ட ஒரு நடுவயதுப் பெண் அதைத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் ஒரே நேரத்தில் ஒரே யோசனை வந்தது. அந்தம்மா பக்கத்தில் போய் நின்றோம்.

"இதைத்தான் மதினி நாம வேண்டாம்னு வச்சோம்" என்றேன், பொதுவாகப் பார்த்து.

"ஒரு தண்ணிக்குத் தாங்காதுன்னு அந்தப் பிள்ளையே சொல்லுச்சே" என்றார் இவர், கூசாமல்.

"சாயம் வேற கையில ஒட்டுது."

அந்தம்மா சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்து, "நான் சாத்தூர்க்காரி. எனக்கும் பஜார் தெரியும். இவ்வளவு திட்டுதீங்கன்னா இது நல்ல சேலையாத்தான் இருக்கும்" என்றார். பில் போடுகிற பக்கம் நடக்கவும் தொடங்கிவிட்டார்.

வேறு வித்தை எங்களிடம் கிடையாது. ஆனால் கல்யாணப் பெண் எங்களைத் தாண்டி நடந்தாள். அந்தம்மா முன்னால் போய் நின்றாள்.

"யக்கா, எனக்கு அது ரொம்பப் புடிச்சிருக்கு. என் கல்யாணத்துக்கு. ஒங்களுக்கு வேற கலர் பரவாயில்லைன்னா இதை எனக்குத் தருவீங்களா?"

அந்தம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். சேலையைத் தன் தோளிலிருந்து எடுத்து அவள் தோளில் போட்டு, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். "கல்யாணப் பொண்ணா? அதை முதல்லயே சொல்ல வேண்டியதுதான" என்றார். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டேக்கில் இருந்த விலையைக் கொடுத்துதான் வாங்கினோம். என் வாழ்நாளில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காமல் எடுத்த முதல் ஜவுளி அது. பில் போடுகிற பையன் போன் நம்பர் கேட்டபோது அவனிடமாவது ஏதாவது பேசிப் பார்க்கலாமா என்று நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

வெளியே ஆடிக்காற்று கரிசல் புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. வேன் கதவைச் சாத்திக்கொண்டு புளியோதரையைப் பிரித்தோம். என் தம்பி மனைவி மட்டும் இறுக்கமாக இருந்தாள். மகள் வாய் திறந்து கேட்டதை எட்டயபுரம் முழுக்கப் பேசும் என்று பயம். "சின்னப் பிள்ள, தெரியாமப் பேசிட்டா. மனசுல வச்சுக்காதீங்க" என்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் சொன்னாள்.

அவர் கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்தார். "மனசுலதான் வச்சுக்கப் போறேன்" என்றார். எல்லாருக்கும் திக்கென்றது. அவர் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். "எம்மா, எங்க வீட்டுலயும் இப்படியே கேட்டுரு. கேக்காம இருந்து இருந்து, எனக்கு என்ன புடிக்கும்னு எங்க வீட்டுல ஒரு ஆளுக்கும் தெரியாது."

கல்யாணப் பெண் சேலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். தம்பி மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். புழுதி என்று நினைத்தேன்.

வேன் கிளம்பியது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அந்தக் கரும்பச்சைச் சுங்குடி என் கண்ணை இழுத்துக்கொண்டே இருந்தது. பஜாரில் பார்த்திருந்தால் அதை எப்படியெல்லாம் திட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியும். தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"மதினி, ஒங்க சேலை ரொம்ப நல்லா இருக்கு."

"இதுவா?" என்றார் அவர் சட்டென்று. "இது பழசு மதினி. சாயமெல்லாம் போயி…"

பாதியில் நிறுத்தினார். முந்தானையை எடுத்து மடியில் விரித்து, மஞ்சள் கரையை விரலால் நீவினார். வேன் பைபாஸில் ஏறி எட்டயபுரம் ரோட்டில் திரும்புகிற வரைக்கும் நீவிக்கொண்டே இருந்தார்.

"ஆமா," என்றார் பிறகு. "எனக்கும் ரொம்பப் புடிக்கும்."